மேனேஜருக்குக் கால் பங்கு

எங்கள் வீட்டில் முடிவுகளை எடுப்பவன் நான்தான். எடுத்த முடிவை எங்கே வைப்பது என்று சொல்பவள் என் மனைவி. பெரும்பாலும் பரண்மேல்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் எடுத்த முடிவு பரணுக்குப் போகவில்லை. அவளே அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவள் முதல் தடவையே ஒப்புக்கொண்டதில்லை, கல்யாணத்தைத் தவிர. அதிலும் அவளுக்கு ஏதோ திட்டம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முடிவு இதுதான். இனிமேல் மேனேஜரின் சாப்பாடும் நடையும் என் பொறுப்பு.

மேனேஜர் என்பது எங்கள் நாய். பழுப்பு நிறம், தொங்கு காது, நாலு வயது. குட்டியாக வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் ஒரு நாற்காலிக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தேன். அது எதிரில் வந்து உட்கார்ந்தது. ஒரு வேலையும் செய்யாமல், என் வேலையில் மட்டும் ஏதோ குறை இருப்பதுபோலப் பார்த்தது. நான் போல்ட்டும் நட்டும் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். அந்தப் பார்வையை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். பேர் தானாக வந்துவிட்டது.

இந்த மேனேஜருக்கு அலர்ஜி. ஒன்றல்ல, பல. காதைச் சொறியும். பாதத்தை நக்கும். நக்கிய பாதத்தாலேயே மறுபடி காதைச் சொறியும். வயிற்றில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டித் தோல் சிவந்து கிடந்தது. மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் காதுக்குள் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார்.

"சாப்பாட்டுலதான் ஏதோ ஆகல. ஒண்ணுக்கு மேல இருக்கும்னு தோணுது. எது எதுன்னு கண்டுபிடிக்கணும்."

"எப்படி டாக்டர்?" என்றாள் என் மனைவி.

"எட்டு வாரம் அவிச்ச மீன், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வேற எதுவும் கிடையாது. அரிப்பு நின்னதும் ஒவ்வொண்ணா குடுத்துப் பாக்கணும். ஒரு வாரம் முட்டை, அடுத்த வாரம் சும்மா. அப்புறம் ஒரு வாரம் பால், திரும்ப ஒரு வாரம் சும்மா. இப்படியே கோதுமை, கோழி, வேர்க்கடலை. எதைக் குடுக்கும்போது சொறியுதோ அது ஆகாது. உடனே நிறுத்திடணும். இந்த எட்டு வாரத்துல யாராவது பாவம் பாத்து ஒரு பிஸ்கட் போட்டாலும் திரும்ப முதல்லேர்ந்து."

"கண்டுபிடிக்கலேன்னா?"

"காலம் பூரா மாத்திரைதான். அது ஒரு எடத்துல சரி பண்ணும், இன்னொரு எடத்துல கெடுக்கும்."

மேனேஜர் மேஜைமேல் நடுங்கிக்கொண்டே நின்று என்னைப் பார்த்தது. அந்த நாய்மேல் எனக்கு உயிர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

சரி, பொறுப்பை நான் ஏன் வலியக் கேட்டு வாங்கினேன்? உங்களிடம் மறைப்பானேன். அதே மாதம் என்னையும் ஒரு டாக்டர் பார்த்திருந்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. இனிப்பு, வெண்ணெய், மைதா மூன்றும் ஆறு மாதத்துக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். வீட்டுக்குள் என்றுதான் சொன்னார். தெருவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னார். எங்கள் வாசலிலிருந்து கால் மணி நேரம் நடந்து திரும்பினால் அரை மணி. அந்தத் திரும்புகிற இடத்தில், தபால் பெட்டிக்கு எதிரில், ஒரு பேக்கரி இருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது நானில்லை.

நான் தனியாக நடக்கக் கிளம்பினால் மனைவியும் செருப்பை மாட்டிக்கொள்வாள். மேனேஜரோடு கிளம்பினால் மாட்ட மாட்டாள். அது ஒவ்வொரு கம்பத்திலும் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகரும். அந்தப் பொறுமை அவளுக்குக் கிடையாது.

ஆகவே ஞாயிறு காலை மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னேன். "மேனேஜரோட சாப்பாடு, நடை ரெண்டும் இனிமே என் தலையில."

"நெஜமாவா சொல்றீங்க?"

"போல்ட்டுல தலைமயிர் அளவு குறை இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். ஒரு நாய்க்கு எது ஆகாதுன்னு கண்டுபிடிக்க மாட்டேனா?"

"சரி" என்றாள். "நீங்களே பாத்துக்குங்க."

அவளுக்கு நூலகத்தில் வேலை. குரலை உயர்த்தாமலே முந்நூறு பேரை அடக்கி வைத்திருப்பவள். எந்தப் புத்தகம் யார் வீட்டில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் அப்படித் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மாலை ஆறு இருபதுக்கு நானும் மேனேஜரும் பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பேக்கரிக்காரர் சாதுவான மனுஷர். எப்போது பார்த்தாலும் கன்னத்தில் மாவு, கையில் துப்பறியும் நாவல். செங்கல் கனத்துக்கு ஒன்று முடிந்தால் மறுநாளே அடுத்த செங்கல் வந்துவிடும். ஒவ்வொன்றின் முதுகிலும் சின்னதாக ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டி, அதில் எண் எழுதியிருக்கும். எதையும் கவனிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கவனித்ததைப் பற்றி யோசிக்கும் பழக்கம்தான் இல்லை.

ஒரு வெண்ணெய் கேக் வாங்கிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து தலையை இடது பக்கம் சாய்த்தது. ஒரு காது மேலே போயிற்று, ஒரு காது கீழே வந்தது. கண்ணில் நாலு நாள் பட்டினி தெரிந்தது. அரை மணிக்கு முன்னால்தான் ஒரு முழு மீன் தின்றிருந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேனேஜர் வாயைத் திறந்தது.

அதைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. ஊளை என்றும் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வீட்டைவிட்டுத் துரத்திவிட்டால் ஒரு மனுஷன் எப்படி முறையிடுவானோ அப்படி முறையிட்டது. தபால் பெட்டிக்கு வந்த ஒரு அம்மாள் கடிதத்தைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வாயில்லா ஜீவன் சார்" என்றார்.

அதற்கு வாய் இல்லை என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் தெருவே திரும்பிப் பார்த்தது. எங்கள் தெருவில் ஒருவர் பார்த்தது, நான் பாதி வழி வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேறு வழியில்லாமல் மேனேஜருக்குப் பங்கு கொடுத்தேன். குத்துமதிப்பாகப் பிய்த்துப் போடவில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று இருக்கும், தொழில் அப்படி. கேக்கை நீளவாக்கில் அளந்து, சரியாகக் கால் பங்கு வெட்டி வைத்தேன். நாய்தானே என்று கூட்டிக் குறைத்துக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

மறுநாளும் கால் பங்கு. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் காலை மேனேஜர் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"ஏங்க, இவன் சொறியுறான்" என்றாள் மனைவி.

"கொசு."

"கொசு நம்மளைக் கடிக்கலியே."

"நமக்குக் கை இருக்கு, அடிச்சிடுறோம். அது என்ன பண்ணும் பாவம்?"

அவள் மேனேஜரின் முகத்தை ஏந்தி மீசையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தாள். விரல் நுனியில் வைத்து உருட்டினாள். முகர்ந்தாள்.

"என்ன அது?"

"தூசி" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா மேனேஜரின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துச் சொன்னார். "யாரோ எதையோ போடுறாங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு குறையுள்ள போல்ட் வெளியே போய்விட்டால், முதல் வேலையாக ஒரு கூட்டம் போடுவோம். அதைச் செய்தது நாம் இல்லை என்று முதலில் முடிவு செய்வோம். பிறகு யார் என்று தேடுவோம். வீட்டுக்கு வந்ததும் நானும் அதையே செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, மேலே 'குறை அறிக்கை' என்று எழுதிக்கொண்டு, கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனேன்.

"நீங்க எங்க நாய்க்கு ஏதாவது போட்டீங்களா?"

அந்த அம்மாள் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்கவில்லை. "ஒரு தடவை சட்டை போட்டேன். மழைக்காலத்துல."

"சாப்பிட."

"அதுக்கு எதுக்குங்க நான் போடணும்? நீங்க நல்லா போடுறீங்களாமே."

"யார் சொன்னா?"

"தெருவே சொல்லுது. சார் நாயைப் பிள்ளை மாதிரி வெச்சிருக்கார், தான் சாப்பிட்டா அதுக்கும் அளந்து குடுக்கிறாருன்னு."

நான் கட்டத்தில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக்கொண்டு அவசரமாக மேலே ஏறி வந்துவிட்டேன். மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"விசாரணை நடக்குது."

"விடுங்க. கெடக்குது. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றாள். இவ்வளவு நல்ல மனைவியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அது இன்னும் ஒரு மாதிரி ஆயிற்று. மேனேஜர் கதவோரம் படுத்து வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். தோல் கீறி, ஒரு பொட்டு ரத்தம். என்னைக் கண்டதும் நக்குவதை நிறுத்திவிட்டு வாலை ஆட்டியது. என்னைக் கடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என் அற்ப நாக்குக்கு இது தண்டனை அனுபவிக்கிறதே! அங்கேயே, அதன் தலைமேல் கை வைத்து, இனி பேக்கரிப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்தேன்.

சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் அந்தச் சத்தியத்துக்கு ஒரு பழுதும் வரவில்லை.

ஆறு மணிக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மேனேஜருக்கு வேண்டியது கேக் இல்லை, பங்கு. பங்கு எதில் இருந்தால் என்ன? அடுக்களையில் அதற்கென்று அவித்து வைத்த கிழங்கில் ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து நான் கேக்கைக் கடித்தேன். மேனேஜர் தலையைச் சாய்த்தது. அது வாயைத் திறப்பதற்குள் கிழங்கைப் போட்டேன். மென்றது. திருப்தியாக வாலை ஆட்டியது. கேக் தின்கிற என்னையே அது பரிதாபமாகப் பார்த்ததுபோல் இருந்தது.

அந்தப் பரிதாபத்துக்குக் காரணமும் இருந்தது. அந்த வாரத்திலிருந்தே கேக்கின் ருசி குறைந்துவிட்டது. கடித்தால் தவிட்டைக் கடிப்பதுபோல் இருந்தது. இனிப்பு எங்கேயோ பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் ஒரு வாசனையோடு நின்றுவிடும்.

"என்னங்க, கேக் ஒரு மாதிரியா இருக்கு?"

பேக்கரிக்காரர் நாவலிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாவு மாறிடுச்சு சார்" என்றார்.

எட்டு வாரம் ஓடியது. மேனேஜரின் வயிற்றில் புது முடி முளைத்தது. காது பட்டுப்போல் ஆனது. டாக்டரம்மா தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார். நான் பெருமையில் அங்கிருந்த எடை மெஷின்மேல் சாய்ந்துகொண்டேன். ஒரே கல்லில் நாயின் உடம்பும் தேறியது, என் வாயும் நடந்தது. என் தொழிலில் இதற்குச் செயல்முறை மேம்பாடு என்று பேர்.

"இனிமே ஒவ்வொண்ணா குடுத்துப் பாக்கலாம். முட்டையிலேர்ந்து ஆரம்பிங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரே நேரம், ஒரே அளவு. அதுதான் முக்கியம். அதுலதான் எல்லாரும் கோட்டை விட்டுடுறாங்க."

"இவருக்கு இப்ப வேலை ஜாஸ்தி டாக்டர்" என்றாள் என் மனைவி. "தோதுப்படறப்ப ஆரம்பிச்சு, எழுதி எடுத்துட்டு வர்றோம்."

எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. ஒரு வேலை குறைந்தது. வழக்கம்போலக் கேக்கும் கிழங்குமாகக் காலம் தள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அடுக்களையில் கையை விட்டால் கிழங்குத் துண்டைக் காணோம். பாத்திரம் நிறையக் கூழ் இருந்தது.

"கிழங்கை ஏன் மசிச்சே?"

"அவனுக்கு லேசா செரிக்கட்டும்னுதான். ஏன், உங்களுக்கு முழுசா வேணுமா?"

"எனக்கு எதுக்கு?" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு கரண்டி கூழைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பேக்கரியில் கையை விட்டபோது தாள் தனியாக வந்தது. ஸ்கேல் கூழோடு வந்தது. பை சட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மேனேஜர் என் மார்பை நக்கிச் சுத்தம் செய்ததை அன்றும் அந்தத் தபால் பெட்டி அம்மாள் பார்த்தார். கூழுக்கு அன்றோடு கும்பிடு போட்டேன்.

அதே வாரம் பேக்கரிக்கும் ஏதோ ஆகிவிட்டது.

"ஒரு கேக் குடுங்க."

"இல்ல சார்."

"பன்?"

"இல்ல சார்."

கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. "அப்ப அதெல்லாம்?"

"ஆர்டர் சார்."

"என்னதான் இருக்கு?"

"முட்டை. அவிச்சது."

பேக்கரியில் அவித்த முட்டை வாங்கித் தின்றவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேனேஜர் தலையைச் சாய்த்தது. வாயைத் திறந்தது. ஸ்கேலை எடுத்து முட்டையை அளந்து கால் பங்கு கொடுத்தேன். வளைவான பொருளை அளப்பது எளிதில்லை, ஆனால் எனக்கு அனுபவம் உண்டு. கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே படுத்திருந்தேன். நல்ல வேளை, சொறியவில்லை. அந்த வாரம் பூரா முட்டைதான் இருந்தது. அந்த வாரம் பூரா அது சொறியவே இல்லை.

அடுத்த வாரம் முட்டையும் போயிற்று.

"எல்லாமே ஆர்டர் சார். தண்ணி தரவா?"

ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அதில் பங்கு கேட்க மேனேஜருக்கே மனசு வரவில்லை. அதற்கடுத்த வாரம் பால் இருந்தது. சர்க்கரை இல்லாத பால். சர்க்கரை எங்கே என்றதற்கு, "அதுவும் ஆர்டர் சார்" என்றார். பிறகு மறுபடி ஒரு வாரம் தண்ணீர். பிறகு கோதுமை ரொட்டி, வெண்ணெய் தடவாமல்.

வேறு பேக்கரிக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த பேக்கரி என் மனைவியின் நூலக ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கிறது.

கோதுமை ரொட்டி தின்ற மூன்றாம் நாள் மேனேஜர் பாதத்தை நக்க ஆரம்பித்தது. ஊரே கூடி என் சட்டையைப் பிடித்தாலும் சரி, இனி ரொட்டியை அதன் கண்ணில் காட்டக்கூடாது என்று உறுதியோடு போனேன். "ரொட்டி நேத்தோட சரி சார். தண்ணி தரவா?" என்றார் பேக்கரிக்காரர். எனக்கு நல்ல நேரம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வாரம் முடிந்து வேகவைத்த கோழித் துண்டு வந்தது. இரண்டே நாளில் காதைச் சொறிந்தது. மறுநாள் கோழியும் இல்லை. மறுபடி தண்ணீர். கடைசியாக ஒரு வாரம் அவித்த வேர்க்கடலை. கடலையைக்கூட நான் எண்ணித்தான் கொடுத்தேன், நாலுக்கு ஒன்று.

வீட்டில் என் மனைவி தினமும் மேனேஜரின் காதைத் திருப்பிப் பார்ப்பாள், பாதத்தை விரித்துப் பார்ப்பாள், பிறகு ஒரு நீல நோட்டில் பொடி எழுத்தில் ஏதோ எழுதுவாள்.

"என்ன எழுதறே?"

"எங்க வேலைதான். யார் என்ன எடுத்தாங்க, எவ்வளவு எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்கன்னு."

"வீட்டுக்கு வந்தும் அதே வேலையா?"

"என்ன பண்றது, சில பேர் கேட்டா உண்மையைச் சொல்றதில்ல. நாமதான் எழுதி வெச்சுக்கணும்."

அவள் வேலையும் கஷ்டம்தான் என்று அனுதாபப்பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் போனோம். மேனேஜர் மேஜைமேல் ஏறியது. என் மனைவி கைப்பையைத் திறந்து நீல நோட்டை எடுத்து நீட்டினாள். நூலக நோட்டு இங்கே எதற்கு என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"முதல் வாரம், முட்டை. தினமும் மாலை ஆறு இருபது. கால் முட்டை. அரிப்பு இல்லை. இரண்டாவது வாரம், எதுவும் இல்லை. மூன்றாவது வாரம், பால். ஆறு இருபது. கால் டம்ளர். அரிப்பு இல்லை..."

எனக்குக் காது அரித்தது.

"ஐந்தாவது வாரம், கோதுமை. மூன்றாம் நாள் பாதம். உடனே நிறுத்தப்பட்டது. ஏழாவது வாரம், கோழி. இரண்டாம் நாள் காது. உடனே நிறுத்தப்பட்டது. ஒன்பதாவது வாரம், வேர்க்கடலை. நாலுக்கு ஒன்று. அரிப்பு இல்லை." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கோதுமையும் கோழியும் ஆகாது. முட்டை, பால், கடலை தாராளமா குடுக்கலாம். மாத்திரையே வேண்டாம். பதினஞ்சு வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. யாரு குடுத்தது?"

"இவர்தான் டாக்டர்" என்றாள் என் மனைவி. "ஒரு நாள்கூடத் தவறல."

"போன மாசம் அப்படி மழை பெய்ஞ்சுதே, அன்னிக்குமா?"

"குடை பிடிச்சுட்டுப் போனார்."

"அளவு தினமும் எப்படி இவ்வளவு கச்சிதமா?"

"ஸ்கேல் வெச்சு அளப்பார் டாக்டர்."

டாக்டரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசல் கதவைத் திறந்து, பூனையும் நாயுமாகக் காத்திருந்த ஆறேழு பேரிடம், "நாய் வளர்த்தா இந்த சார் மாதிரி வளர்க்கணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். அது கொட்டாவி விட்டது.

தெருவுக்கு வந்தோம். முதல் கம்பத்திலேயே மேனேஜர் நின்றது. வேறு வழியில்லாமல் நாங்களும் நின்றோம்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மீசையில கேக் தூள் இருந்த அன்னிலேர்ந்து."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா?"

"நிறுத்தியிருப்பேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். "சாயந்திரம் வரைக்கும்."

"அதான் கேக்கல" என்றாள். "இவனுக்கு தினமும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல, மறக்காம ஒண்ணைக் குடுக்க ஒரு ஆள் வேணும். நான் சொல்லி நீங்க எந்த வேலையைத்தான் மறக்காம செஞ்சிருக்கீங்க? நீங்க மறக்காம செய்யுறது ஒண்ணே ஒண்ணுதான். அதையே வேலையா ஆக்கிட்டேன்."

"பேக்கரிக்காரர்?"

"எங்க நூலகத்துல பன்னெண்டு வருஷமா உறுப்பினர். புதுத் துப்பறியும் நாவல் வந்தா முதல்ல அவருக்குத்தான்."

வெள்ளைச் சீட்டும் எண்ணும் என் கண்முன் வந்து நின்றன. இருபது வருடமாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதைத் தொடாதே என்று சின்னப் பையன்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். ஒன்பது வாரம் என்னை வைத்து அதே பாடத்தை நடத்தியிருக்கிறாள். எனக்கு மட்டும் தெரியவில்லை. கோபம் வந்தது. ஆனால் மேனேஜர் வாலைத் தூக்கிக்கொண்டு, புது முடி பளபளக்க, சொறியாமல் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு தூரம்தான் கோபப்பட முடியும்?

"நாளைக்கு உங்க டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். "போன வாரம் குடுத்த ரத்தத்துல சர்க்கரை நல்லாவே இறங்கியிருக்காம். போன்ல சொன்னார்."

"எப்படி இறங்கும்? எட்டு வாரம் கேக் தின்னேனே."

"தவிட்டுக் கேக். சர்க்கரை போடாதது. உங்களுக்குன்னு தனியா சுட்டது. அவருக்கும் இதே நோட்டைத்தான் காட்டணும். ரெண்டு பேருக்கும் எதுக்கு ரெண்டு நோட்டுன்னு ஒண்ணுலயே எழுதிட்டேன். இடது பக்கம் அவன், வலது பக்கம் நீங்க."

மறுநாள் மாலை ஆறு இருபதுக்கு நான் தலை நிமிர்ந்து பேக்கரிக்குள் நுழைந்தேன். மேனேஜர் பின்னால் வந்தது. ஒளிவு மறைவு முடிந்துவிட்டது. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் தண்ணீர் குடிப்பான்?

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றேன். "இனிமே ஆர்டர் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். ஒரு வெண்ணெய் கேக். பழைய மாவுல."

பேக்கரிக்காரர் நாவலை மூடினார். மூடுவதற்கு முன்னால் பக்கத்தில் அடையாளமாக வைத்திருந்த அட்டையை எடுத்துப் படித்தார். பொடி எழுத்து. எனக்குத் தெரிந்த எழுத்து. உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். அதில் ஒரு முழு முட்டையும் ஒரு கை வேர்க்கடலையும் இருந்தன. குனிந்து அதை மேனேஜருக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கு?"

"உங்க டாக்டர் சொன்ன ஆறு மாசம் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்காமே சார். தண்ணி தரவா?"

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அட்டையை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா கீழ இன்னொண்ணு எழுதியிருக்காங்க சார். பாக்கவே ரொம்பப் பாவமா இருந்தா மட்டும் கேக்குல ஒரு ஓரம் கிள்ளிக் குடுக்கலாமாம்."

மேனேஜர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. நான் தலையை இடது பக்கம் சாய்த்தேன்.